பழைய சாமானில் புதிய ஆட்டம்: புனே தரும் பாடம்

'பிரின்ஸ் ஆப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆப் டைம்' என்ற வீடியோ விளையாட்டின் மறுபதிப்பு வேலையைக் கைவிட்டுவிட்டதாகப் பிரெஞ்சு நிறுவனமான யூபிசாப்ட் 2026 ஜனவரியில் அறிவித்தது. அதோடு வேறு ஐந்து விளையாட்டுகளும் கைவிடப்பட்டன. வெளியுலகத்துக்கு இது ஒரு கம்பெனியின் வரவு செலவுச் செய்தி. புனேவாசிகளாகிய நமக்கோ இதில் தனி அக்கறை உண்டு. இந்த மறுபதிப்பு வேலை முதன்முதலில் ஒப்படைக்கப்பட்டது புனேயிலும் மும்பையிலும் உள்ள கிளைகளிடம்தான்.

வீடியோ விளையாட்டு என்றதும் ரம்மியையும் பந்தயப் பணத்தையும் நினைத்து முகம் சுளிப்பவர்கள் நம்மில் பலர். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டமியற்றித் தடை விதித்தது. நாம் பேசப்போவது அதுவல்ல. கதை, ஓவியம், இசை, அசைவு எல்லாம் சேர்ந்து, சினிமாவைப் போலவே பல நூறு பேர் கூடி உழைத்து உருவாக்கும் சரக்கு இது. கட்கி, தேஹூ ரோடு, பிம்ப்ரி, சிஞ்ச்வாட் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தத் தொழிலை நம்பிப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே இதன் உள்விவகாரத்தைத் தெரிந்துகொள்வது பெற்றோருக்கு நல்லது.

இந்த விவகாரத்தின் நடுவில் நிற்பது ஒரே கேள்வி: ஏற்கெனவே செய்து வைத்த படங்களையும் சாமான்களையும் எடுத்து மறுபடி பயன்படுத்தலாமா? பயன்படுத்தினால் அது சிக்கனமா, ஏமாற்றா?

சொத்து என்பது எது?

ஒரு விளையாட்டில் வரும் மனித உருவம், மரம், மதில், வாள், கதவு, காலடி ஓசை, வாத்திய இசை, ஓடுகிற ஓட்டம், தாவுகிற தாவல் அத்தனையும் ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டுக் கணிப்பொறியில் சேமிக்கப்படுகின்றன. இவற்றைத் தொழிலில் இருப்பவர்கள் 'அஸெட்' என்கிறார்கள். சொத்து என்று பொருள். பெயர் பொருத்தமானதுதான். ஒரு குதிரையை ஒழுங்காக வரைந்து, நடக்கவும் ஓடவும் வைப்பதற்குப் பல கைகளின் பல வார உழைப்பு போகிறது. அந்தக் குதிரையை ஒரே ஒரு ஆட்டத்தோடு கொட்டிலில் கட்டிவிட எந்த முதலாளிக்கும் மனம் வராது.

இதில் புதுமை ஒன்றுமில்லை. நம் ஊர் நாடகக் கம்பெனிகள் தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன், நந்தவன சீன் என்று சில திரைகளை எழுதி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயின. ராமனுக்குப் பட்டாபிஷேகம் நடந்த அதே தர்பாரில்தான் மறுநாள் அரிச்சந்திரன் முடியிழந்து நின்றான். சபையில் இருந்தவர்கள் யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. நடிப்பும் பாட்டும் நன்றாக இருந்தால் திரையை யார் பார்க்கப் போகிறார்கள்?

புனேயின் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1929-ல் கோலாப்பூரில் தொடங்கி 1933-ல் இங்கு குடிவந்த பிரபாத் பிலிம் கம்பெனி, ஒரே கதையை ஒரே அரங்க அமைப்பில் மராத்தியிலும் இந்தியிலும் எடுத்தது. சாந்தாராம் இயக்கிய 'குங்கூ' 1937-ல் இந்தியில் 'துனியா ந மானே' ஆயிற்று. 1939-ல் 'மாணூஸ்', இந்தியில் 'ஆத்மி'. 1941-ல் 'ஷேஜாரி', இந்தியில் 'படோசி'. ஒரு செட்டுக்குப் போட்ட செலவில் இரண்டு படம் கிடைத்தது. இரண்டையும் மக்கள் ஏற்றார்கள்.

வீடியோ விளையாட்டு பிறந்த நாள் முதலே இந்தச் சிக்கனம் அதன் கூடப் பிறந்தது. ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தை நம் பிள்ளைகளும் ஆடியிருப்பார்கள். அதன் முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடமில்லாததால் வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே படமாக வைத்தார்கள். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். பல்லாண்டுகள் விளையாடியவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை.

இளவரசனும் அவன் நிழலும்

புனேக்கு வந்து சேர்ந்த 'பெர்ஷிய இளவரசன்' ஆட்டமே இப்படிப்பட்ட சிக்கனத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவில் ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர் தனியாக உட்கார்ந்து அதை உருவாக்கினார். தம் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லி வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் பிரேம் பிரேமாகப் பார்த்து வரைந்தார். வாள் சண்டைக்கு 1938-ல் வந்த 'ராபின் ஹூட்' படத்தின் சண்டைக் காட்சியைப் பார்த்து எழுதிக்கொண்டார். அவருடைய 'ஆப்பிள் 2' கணிப்பொறியின் நினைவகம் 48 கிலோபைட். இளவரசனின் அழகான அசைவுகளே அதை நிரப்பிவிட்டன. எதிரி ஒருவனை வரைய இடமே இல்லை.

எதிரி இல்லாத ஆட்டம் சுவைக்குமா? மெக்னர் ஒரு வழி கண்டார். இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி, அதன் மீதே பொருத்திக் கழித்தால், மினுமினுக்கும் ஆவி போன்ற ஓர் உருவம் கிடைத்தது. புதிதாக ஒரு படமும் தேவைப்படவில்லை. அதுவே 'நிழல் மனிதன்' ஆயிற்று. இளவரசன் ஒரு கண்ணாடியைப் பாய்ந்து கடக்கும்போது அந்த நிழல் அவனிடமிருந்து பிரிந்து போகிறது. அவன் குடிக்க வேண்டிய மருந்தைத் திருடிக் குடிக்கிறது. அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறது. கடைசியில் வாளை வீசி அதை வெட்டினால் தானே சாகிறான். வாளை உறையிலிட்டுவிட்டு நடந்தால் இருவரும் ஒன்றாகிறார்கள்.

1989-ல் வெளியான அந்த ஆட்டத்தில் ஆடியவர்கள் மறக்காமல் சொல்வது இந்த நிழலைத்தான். இருந்ததைத் திரும்ப எடுத்துக் கையாண்டதில், ஆட்டத்தின் மிகச் சிறந்த பகுதியே பிறந்துவிட்டது. ஆக, பழைய சாமானைப் பயன்படுத்துவது மட்டமான வேலை என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. எடுத்ததை வைத்து என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

புனேக்கு வந்த வாய்ப்பு

2003-ல் யூபிசாப்டின் கனடா கிளையான மான்ட்ரியால், மெக்னரையும் சேர்த்துக்கொண்டு 'சாண்ட்ஸ் ஆப் டைம்' ஆட்டத்தை வெளியிட்டது. தவறி விழுந்தால் ஒரு மாயக் குத்துவாளைக் கொண்டு காலத்தைப் பின்னோக்கித் திருப்பி உயிர் பிழைக்கலாம் என்பது அதன் புதுமை. அந்த ஆட்டத்தை ஓட்டிய 'ஜேட்' என்ற என்ஜின்கூட அதே கம்பெனி வேறோர் ஆட்டத்துக்காகச் செய்தது. அதன் அடுத்த பாகங்கள் 2004-லும் 2005-லும் வந்தன. அதே வரிசையில் ஒரு கிளைக் கதையாகத் தொடங்கிய யோசனைதான் வளர்ந்து, 2007-ல் 'அஸாஸின்ஸ் கிரீட்' என்ற தனிப் பெரும் தொடராகி உலகெங்கும் விற்றது.

புனேயில் யூபிசாப்ட் காலூன்றியது 2008-ல். கேம்லாப்ட் என்ற கம்பெனி இங்கு நடத்திவந்த ஸ்டூடியோவை அது வாங்கியது. மும்பைக் கிளை 2018-ல் வந்தது. புனே ஸ்டூடியோவின் வேலை பெரும்பாலும் துணை வேலை. 'ஜஸ்ட் டான்ஸ்' என்ற நடன ஆட்டம் போல, வேறு நாட்டில் கருத்தரித்த ஆட்டங்களுக்குக் கை கொடுப்பது. ரெயில்வே மொழியில் சொன்னால், வண்டி நமதல்ல, டிரைவர் நம்மவரல்ல, நாம் இணைத்துவிடுகிற என்ஜின்.

இந்த நிலையில்தான் 2020 செப்டம்பர் 10-ந் தேதி, 'சாண்ட்ஸ் ஆப் டைம்' ஆட்டத்தின் மறுபதிப்பைப் புனேயும் மும்பையும் தலைமை தாங்கித் தயாரிப்பதாக அறிவிப்பு வந்தது. கம்பெனியின் பெயர் பெற்ற ஆட்டம் ஒன்றுக்கு இந்திய ஸ்டூடியோக்கள் தலைமை தாங்குவது சாதாரணச் செய்தியல்ல. 2021 ஜனவரி 21-ல் வெளியாகும் என்றும் நாள் குறித்தார்கள்.

ஆனால் முன்னோட்டப் படம் வெளியான அன்றே எதிர்ப்புக் கிளம்பியது. முகங்கள் மரத்துப்போய் இருக்கின்றன, ஒரு தலைமுறைக்கு முந்திய ஆட்டம் போலத் தெரிகிறது என்று ரசிகர்கள் குறை கூறினார்கள். வெளியீடு முதலில் 2021 மார்ச்சுக்குத் தள்ளிப் போயிற்று. 2021 பிப்ரவரியில் தேதியே இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. மூலத்துக்கு விசுவாசமாகவும் அதே சமயம் புதிதாகவும் இருக்க அவகாசம் தேவை என்பது கம்பெனி சொன்ன காரணம். 2022 மே மாதம் வேலை மான்ட்ரியாலுக்கே மாற்றப்பட்டது. 2024-ல், 2026-ல் வரும் என்றார்கள். 2026 பிறந்ததும் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலை புனேயிடமிருந்து பறிபோனபோது, இந்தியர்களுக்கு இதெல்லாம் கைவராது என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆட்டத்தைப் பெற்று வளர்த்த மான்ட்ரியாலே ஏறத்தாழ நான்கு வருடம் கையில் வைத்திருந்தும் அதை வெளியே கொண்டுவர முடியவில்லை. ஆகவே குறை புனேப் பிள்ளைகளின் கைத்திறனில் மட்டும் இருந்தது என்று சொல்வது நியாயமாகாது. மறுபதிப்பு என்ற வேலையிலேயே உள்ள சிக்கலைப் பார்க்க வேண்டும்.

எதை வைப்பது, எதைக் கழிப்பது?

'கதை தயாராக இருக்கிறது, அரண்மனை தயாராக இருக்கிறது, வர்ணம் பூசினால் போதும்' என்று மறுபதிப்பைப் பற்றி வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மை வேறு. 2003-ல் செய்த முகத்தை இன்றைய திரையில் பெரிதாக்கிக் காட்டினால் மரப்பாச்சி போலிருக்கும். அதைப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும். முகம் புதிதானால் பழைய அசைவு அதற்குப் பொருந்தாது. அசைவு புதிதானால் தாவும் தூரம் மாறும். தூரம் மாறினால் மதிலும் தூணும் இடம் பெயர வேண்டும். ஒரு பல்லைப் பிடுங்கப் போய் தாடையே ஆடிய கதைதான். இந்த மறுபதிப்பை 'அன்வில்' என்ற வேறொரு என்ஜினில் ஏற்றியதால், பழைய சாமானில் அப்படியே எடுத்து வைக்கக் கூடியது இன்னும் குறைந்தது.

போதாக்குறைக்கு, ரசிகனின் நினைவும் அளவுகோலாக வந்து நிற்கிறது. அவன் 2003-ல் பார்த்ததை நினைவில் அழகாக்கி வைத்திருக்கிறான். புதியதை அந்த நினைவோடு ஒப்பிடுகிறான். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்பான். மாற்றாவிட்டால் எதற்குக் காசு என்பான்.

ரெயில்வேயில் இதற்கு ஒரு நல்ல உவமை இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் பிறந்த பயணிகள் பெட்டிகள் வயதாகிப் பயணிகளுக்கு உதவாமற் போனதும், அவற்றில் பலவற்றை மோட்டார் வாகனம் ஏற்றும் சரக்குப் பெட்டிகளாக மாற்றுகிறார்கள். ஆசனங்களைப் பிடுங்கி எறிந்து, ஜன்னல்களை அடைத்து, இரு முனைகளிலும் கதவு வைத்துவிடுகிறார்கள். கார்கள் ஒரு முனையில் ஏறி வரிசையாக உள்ளே போகின்றன. சக்கரமும் அடிச்சட்டமும் பழையவை, உபயோகம் புதிது. ஆசனத்தின் மீது ஆசைப்பட்டு அதை வைத்துக்கொண்டிருந்தால் ஒரு கார்கூட ஏறாது. பழைய பெட்டியில் எது அடிச்சட்டம், எது ஆசனம் என்று தெரிந்தவனே அதை மாற்றத் தகுந்தவன். விளையாட்டிலும் அப்படியே. 'சாண்ட்ஸ் ஆப் டைம்' ஆட்டத்தின் அடிச்சட்டம், காலத்தைத் திருப்பும் அந்தக் குத்துவாளும் தாவலின் ஓட்டமும். முகமும் சுவரும் ஆசனங்கள்.

வென்றவர்களும் தோற்றவர்களும்

மறுபதிப்பு வேறு, தொடர்ச்சி வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மறுபதிப்பில் பழைய சாமான் அளவுகோலாகிறது. தொடர்ச்சியில் அதுவே மூலதனமாகிறது. இதற்குச் சிறந்த உதாரணம் நின்டெண்டோவின் 'செல்டா' வரிசை. 1998-ல் வந்த ஒரு பாகம் பெரும் புகழ் பெற்றது. அதையே சற்று மாற்றிப் புதுப்பித்து வெளியிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு வந்தபோது, இயிஜி அவ்னூமா என்பவருக்கு அதில் விருப்பமில்லை. அப்படியானால் ஒரு வருடத்தில் புதியது ஒன்றைச் செய்து காட்டு என்று சவால் விடப்பட்டது.

அவர் பழைய பாகத்தின் உருவங்களை அப்படியே எடுத்துக்கொண்டார். முந்திய ஆட்டத்தில் ஒரு வேலையில் இருந்தவன் இதில் வேறு பெயரில் வேறு வாழ்க்கை வாழ்கிறான். சந்திரன் மூன்று நாளில் ஊர் மீது விழப்போகிறது, அந்த மூன்று நாளையே மறுபடி மறுபடி வாழ்ந்து ஊரைக் காக்க வேண்டும் என்பது கதை. தெரிந்த முகங்கள் தெரியாதவர்களாக நடமாடுவதே ஆட்டத்துக்கு ஒரு கனவின் கலக்கத்தைக் கொடுத்தது. 2000-ல் வெளிவந்த 'மஜோராஸ் மாஸ்க்' என்ற அந்த ஆட்டத்தை இன்றும் கொண்டாடுகிறார்கள். அதே வரிசையில் 2017-ல் செய்த நாட்டின் நிலப்பரப்பையே மீண்டும் எடுத்து, மேலே வானத்தில் தீவுகளும் கீழே பாதாளமும் சேர்த்து, 2023-ல் 'டியர்ஸ் ஆப் தி கிங்டம்' வந்தது. பழைய நிலம்தானே என்று யாரும் ஒதுக்கவில்லை. மிச்சமான உழைப்பு எங்கே போயிற்று என்பது ஆடுகிறவன் கையில் தெரிந்தது.

எதிர்ப்பக்கத்தில் ஓர் உதாரணம். 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று 'கிராண்ட் தெப்ட் ஆட்டோ' ஆட்டங்களை மெருகேற்றி, 2021 நவம்பரில் ராக்ஸ்டார் கம்பெனி ஒரே தொகுப்பாக விற்றது. பழைய படங்களை இயந்திர அறிவைக் கொண்டு கூர்மையாக்கினார்கள். அதன் விளைவாகக் கடைப் பலகைகளில் எழுத்துப் பிழைகள் முளைத்தன. சில பாத்திரங்களின் முகம் கேலிச்சித்திரமாயிற்று. மழை பெய்தால் திரையே தெரியவில்லை. கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதற்கு முன் விற்பனையிலிருந்து எடுத்துவிட்ட பழைய ஆட்டங்களையும் திரும்பக் கொடுக்க வேண்டி வந்தது. பழைய சாமானைப் பார்த்துப் பார்த்துத் துடைக்க வேண்டிய கண், அங்கே வேலைக்கு வரவில்லை.

காப்பாற்றி வைத்தால்தானே எடுக்கலாம்?

எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பத்திரமாக இருக்க வேண்டும். இதிலும் பெரிய கம்பெனிகள் கோட்டை விட்டிருக்கின்றன. 'கிங்டம் ஹார்ட்ஸ்' என்ற ஜப்பானிய ஆட்டத்தை 2013-ல் புதுப்பித்தபோது, மூலச் சாமான்கள் காணாமற் போயிருந்தன. விற்ற தட்டிலிருந்தே தோண்டி எடுத்துப் பெரும்பகுதியை மறுபடி செய்தார்கள். 2012-ல் 'சைலண்ட் ஹில்' ஆட்டங்களைப் புதுப்பித்தவர்களுக்கு முடிக்கப்படாத பழைய பிரதியே கைக்குக் கிடைத்தது. பிழைகள் மலிந்த அந்தப் பதிப்பு கெட்ட பெயர் வாங்கியது.

இந்த இழப்பின் வலி புனேக்குத் தெரியும். பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் 1960 முதல் திரைப்படக் கல்லூரி இயங்குகிறது. பழைய படங்களைக் காப்பதற்காக 1964-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் புனேயிலேயே அமைக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2003 ஜனவரியில் கல்லூரி வளாகத்துக் கிடங்கில் பிடித்த தீ, பிரபாத் காலத்து மூலச் சுருள்களை விழுங்கியது. எளிதில் பற்றும் நைட்ரேட் பிலிம் அது. பெர்ஷிய இளவரசன் காலத்தைத் திருப்பும் குத்துவாளோடு வெளிவந்ததும் அதே 2003-ல்தான். எரிந்த சுருளைத் திருப்பித் தர அப்படி ஒரு குத்துவாள் யாரிடமும் இல்லை.

செய்த கைக்கு என்ன கிடைக்கிறது?

இதுவரை சொன்னது கம்பெனியின் கணக்கு. உழைக்கிறவன் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பையன் புனேயில் உட்கார்ந்து வரைந்த தூணை, அவன் வேலையை விட்டுப் போன பிறகும் பத்து ஆட்டங்களில் நிறுத்தலாம். அவனுக்கு என்ன வரும்? சம்பளம் வாங்கியதோடு சரி. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி, வேலையில் இருக்கும்போது செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, முதலாளியே முதல் உரிமையாளர். 2012-ல் வந்த திருத்தம் சினிமாப் பாட்டு எழுதுகிறவருக்கும் இசையமைக்கிறவருக்கும் ராயல்டி உரிமையை வலுப்படுத்தியது. விளையாட்டுக்கு உருவம் வரைகிறவனுக்கு அப்படி ஒரு தனிக் கவசம் அதில் இல்லை. இதைத் தான் படைத்தேன் என்று பெயர் கோரும் உரிமை 57-வது பிரிவில் இருக்கிறது. அதுவும் கேட்கத் தெரிந்தவனுக்கே உதவும்.

கேட்டவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். வீடியோ விளையாட்டுகளுக்குக் குரலும் அசைவும் கொடுக்கும் நடிகர்கள், ஸாக்-ஆப்ட்ரா என்ற சங்கத்தின் கீழ் 2024 ஜூலையில் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். ஒருமுறை பதிவு செய்த குரலையும் உடலசைவையும் வைத்து, செயற்கை அறிவு இயந்திரம் புதிய வசனத்தையும் புதிய அசைவையும் உண்டாக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. எங்கள் சம்மதமும் எங்களுக்குக் கூலியும் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்பதே கோரிக்கை. ஏறத்தாழ 11 மாதம் போராடி, 2025-ல் ஒப்பந்தம் கண்டார்கள். மறு உபயோகத்துக்கு வரம்பு உண்டு என்பதை ஒரு சங்கம் எழுத்தில் வாங்கியது இது. தொழிற்சங்கத்தின் அருமை தெரிந்த நம் ரெயில்வே, ராணுவத் தொழிற்சாலை ஊழியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்குள்ள கணிப்பொறி ஸ்டூடியோக்களில் அப்படிப்பட்ட சங்க பலம் இன்னும் வேரூன்றவில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

அனிமேஷன், கேமிங் வகுப்புகளுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கிறார்கள். பிராவிடண்ட் பண்டில் கடன் போட்டும், ஊரிலுள்ள நகையை வைத்தும் சேர்ப்பதற்கு முன்னால் சில விஷயங்களை விசாரிப்பது நல்லது.

முதலாவது, பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கப் போவது சாமான் செய்வதை மட்டுமா, ஆட்டம் அமைப்பதையும் சேர்த்தா? தூண், மரம், நாற்காலி செய்கிற வேலை அயல்நாட்டு ஆர்டரை நம்பியது. பழைய தூணையே எடுத்து வைக்க முடியும் என்றாலும், இயந்திரமே தூண் வரையும் என்றாலும், முதலில் குறைவது அந்த வேலைதான். தாவல் எவ்வளவு தூரம், அந்த இடத்தில் ஏன் மதில் வைக்க வேண்டும் என்று தீர்மானிக்கத் தெரிந்தவனை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

இரண்டாவது, வேலையில் சேரும்போது, ஆட்டத்தின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் தன் பெயர் இடம்பெறுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஆட்டம் கைவிடப்பட்டால், செய்த வேலையை அடுத்த கம்பெனியில் எடுத்துக் காட்ட அனுமதி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். வெளிவராத ஆட்டத்தில் சில வருடம் உழைத்தவன் கையில் காட்ட ஒரு படமும் இல்லாமல் அடுத்த கதவைத் தட்டும் நிலை வரக்கூடாது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற சர்வதேச நிறுவனம் சரிந்தபோது, பெங்களூரில் திரைக்காட்சி வேலை செய்துவந்த ஏராளமான இளைஞர்கள் ஒரே மூச்சில் தெருவுக்கு வந்ததை மறக்கக்கூடாது.

மூன்றாவது, தாய்க் கம்பெனி எங்கே, முடிவெடுப்பவர் எங்கே என்று பார்க்க வேண்டும். இதற்கு மாற்று வழியும் புனேயிலேயே உண்டு. பெர்ஷிய இளவரசனின் மறுபதிப்பு அறிவிக்கப்பட்ட அதே 2020-ல், அதற்கு ஒரு மாதம் முன்பு, புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் என்ற சிறிய குழு 'ராஜி' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை அது. அரண்மனைகளுக்கு ராஜஸ்தானத்துக் கட்டடங்களையும், கதை சொல்ல நம் தோல்பாவைக் கூத்தை நினைவூட்டும் நிழல் பொம்மைகளையும் கையாண்டார்கள். பணம் திரட்டப் பொதுமக்களிடம் கேட்ட முதல் முயற்சி தோற்ற பிறகும் விடாமல் முடித்த வேலை. ஆட்டம் யூபிசாப்ட் அளவுக்குப் பெரிதல்ல, குறைகளும் சொன்னார்கள். ஆயினும் அதில் செய்த ஒவ்வொரு தூணும் புனேயிலேயே கருத்தரித்தது. அதைத் திரும்ப எடுப்பதா, இடிப்பதா என்பதற்கு மான்ட்ரியாலிலிருந்து கடிதம் வரத் தேவையில்லை.

பழையதை எடுத்தாள்வது ஏமாற்று வேலையல்ல. மெக்னர் எடுத்தார், நின்டெண்டோ எடுத்தது, பிரபாத் எடுத்தது, நாடகக் கம்பெனி எடுத்தது. மிச்சப்பட்ட பணமும் நேரமும் ஆட்டத்துக்குள் வந்ததா என்று வாங்குகிறவன் பார்க்கிறான். அதில் தனக்கு வேலையும் பெயரும் மிஞ்சுகிறதா என்று செய்கிறவன் பார்க்க வேண்டும். புனே ஒரு தலைமைப் பொறுப்பைப் பெற்றது, இழந்தது. அடுத்தது வரும்போது, எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கி எறிவது என்ற தீர்ப்பையும் புனேயின் கையிலேயே கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தீர்ப்பு கையில் இல்லாமல் கிடைக்கும் தலைமை, சிக்னல் வேறொருவர் கையில் இருக்க, வண்டியை மட்டும் நம்மிடம் கொடுத்தது போலாகும்.